கோதிக் பள்ளத்தாக்கு நாட்குறிப்பு: சத்தம் போடும் மார்மட்டும் சும்மா இருக்கும் மார்மட்டும்

முதல் நாள்: மண் சாலையும் மெல்லிய காற்றும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் கிரெஸ்டட் பியூட் ஊரிலிருந்து வடக்கே சுமார் 13 கிலோமீட்டர் போனால் கோதிக். தார்ச்சாலை வழியிலேயே முடிந்து மண் சாலை தொடங்கிவிடும். குளிர்காலத்தில் அதைப் பனி மூடிவிடுவதால் வண்டி போகாது, பனிச்சறுக்குக் கட்டை கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஜூன் கடைசியில் சாலை திறந்திருக்கும். மார்மட் என்னும் பெரிய அணில் வகையின் குட்டிகள் முதன்முதலாக வளையை விட்டு வெளியே தலைகாட்டும் சமயமும் அதுதான். அதனால்தான் இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

வெள்ளிச் சுரங்கத்தை நம்பி எழுந்து, வெள்ளி கைவிட்டதும் காலியான ஊர் இது. 1928-ல் இங்கே ராக்கி மவுண்டன் உயிரியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. 1962-ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஆர்மிடேஜ் இந்தப் பள்ளத்தாக்கின் மஞ்சள் வயிற்று மார்மட்டுகளுக்கு ஒவ்வொன்றாக அடையாளமிட்டுப் பின்தொடரத் தொடங்கினார். இப்போது அந்தப் பணியை லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேனியல் புளும்ஸ்டீன் குழு நடத்துகிறது. தனித்தனியாக அடையாளம் தெரிந்த காட்டுப் பாலூட்டிகளை இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்த ஆய்வுகள் உலகில் மிகக் குறைவு.

மார்மட் அணில் குடும்பம். ஆனால் வளர்ந்தது 3 முதல் 5 கிலோ வரை இருக்கும். ஆண்டில் ஏழெட்டு மாதம் வளைக்குள் உறக்கம். மிச்சமிருக்கும் நாலைந்து மாதத்துக்குள் இணை சேர்ந்து, குட்டி போட்டு, அடுத்த உறக்கத்துக்கு வேண்டிய கொழுப்பையும் சேர்த்தாக வேண்டும். இத்தனைக்கும் நடுவே நரி, கோயோட்டி, வளைக்கரடி, பொன்னாங்கழுகு என்று எதிரிகள். ஒரே புல்வெளியில் ஒரே நரியைப் பார்த்து ஒன்று சீழ்க்கை அடிக்கிறது, ஒன்று வளைக்குள் பாய்கிறது, இன்னொன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்கிறது. இந்த வேறுபாடு அந்தந்த விலங்கின் இயல்பா, அன்றைய நிலைமையா என்று எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பதைத்தான் இந்தப் பயணம் முழுக்க எழுதப் போகிறோம்.

உயரம் சுமார் 2,900 மீட்டர். வந்த அன்றே மேடு ஏறாதீர்கள். உடல்நலத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மூச்சு வாங்கி நின்று நின்று நடப்பவரால் சீரான வேகத்தில் விலங்கை நெருங்க முடியாது. நாலாம் நாள் குறிப்பில் வரும் அளவைக்கு அந்தச் சீர்தான் அடிப்படை.

இரண்டாம் நாள்: பார்ப்பதற்கான இடமும் நேரமும்

காலை 7 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் மார்மட்டுகள் நன்றாக நடமாடும். நடுப்பகலில் வெயில் ஏறியதும் வளைக்குள் போய்விடும், ஏனென்றால் இவற்றால் சூட்டைத் தாங்க முடியாது. பள்ளத்தாக்கின் மேற்பகுதிக் கூட்டங்கள் கீழ்ப்பகுதிக் கூட்டங்களை விட உயரத்தில் இருக்கின்றன. அங்கே பனி உருகுவதும் புல் முளைப்பதும் ஏறக்குறைய இரண்டு வாரம் தாமதம். ஆகவே ஒரே தேதியில் மேலேயும் கீழேயும் எடுத்த அளவுகளை அப்படியே ஒப்பிடுவது தவறு. கீழே உள்ள தாய் பாலூட்டி முடிக்கும் நேரத்தில் மேலே உள்ள தாய் இன்னும் பாலூட்டிக்கொண்டிருக்கலாம். இருவரின் ஹார்மோன் அளவும் அந்தக் காரணத்தாலேயே வேறுபடும்.

தொலைநோக்கியோடு எட்ட உட்கார்ந்துகொள்ள வேண்டும். எவ்வளவு தூரம் என்பதை அந்தக் கூட்டம்தான் முடிவு செய்கிறது. வழிப்போக்கர்களுக்குப் பழகிய கூட்டத்தை இருபது முப்பது மீட்டரிலிருந்து பார்க்கலாம். பழகாத கூட்டத்துக்கு நூறு மீட்டர் கூடப் போதாது. நாம் உட்கார்ந்த பிறகு அவை பழையபடி மேயத் தொடங்கினால் தூரம் சரி.

முதுகில் கறுப்புச் சாயத்தில் கோடு, வட்டம், புள்ளி என்று ஏதாவது ஓர் அடையாளம் இருக்கும். காதில் எண்ணிட்ட உலோக வில்லை. வில்லை கையில் பிடிக்கும்போது படிக்க, சாயம் தூரத்திலிருந்து அறிய. உரோமம் உதிர்ந்து புதிதாக முளைத்ததும் சாயம் போய்விடும், மறுபடி பூச வேண்டும். இந்த அடையாளம் இல்லையென்றால் தனி விலங்கின் வேறுபாடு என்ற கேள்வியையே கேட்க முடியாது. கூட்டத்தின் சராசரி மட்டும்தான் மிஞ்சும்.

மூன்றாம் நாள்: கூண்டுப்பொறி

இன்றைய குறிப்பு நீளம். அளவெடுப்பின் மையம் இதுதான்.

கம்பி வலைக் கூண்டை வளை வாயருகே வைக்கிறார்கள். உள்ளே குதிரைத் தீவனம். கூண்டு ஆடினால் விலங்கு உள்ளே வராது, எனவே அடியில் மண்ணைச் சமன் செய்து, கல் வைத்து அசையாமல் நிறுத்த வேண்டும். மேலே புல் போட்டு நிழல் கொடுப்பது கட்டாயம். நிழலில்லாத கூண்டில் சிக்கிய மார்மட் வெயில் ஏறினால் செத்தே போகலாம். அதனால் விடியற்காலையில் திறந்து, அடிக்கடி சுற்றிப் பார்த்து, சூடு வருமுன் மூடிவிடுகிறார்கள். இதெல்லாம் அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்கள் மட்டும் செய்யும் வேலை.

சிக்கிய விலங்கை நெருங்கும் முதல் சில நொடிகளிலேயே மதிப்பெண் தொடங்கிவிடுகிறது. கம்பியைக் கடிக்கிறதா? பல்லை நறநறக்கிறதா? எச்சரிக்கைச் சீழ்க்கை அடிக்கிறதா? முட்டி மோதிப் போராடுகிறதா? கூண்டின் கதவில் துணிப்பையைப் பொருத்தியதும் தானாக நடந்து உள்ளே போகிறதா, முரண்டு பிடிக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் அந்த விலங்கு எவ்வளவு சாது என்பதற்கு ஓர் எண் கிடைக்கும்.

பை கூம்பு வடிவம், தடித்த துணி. தலை குறுகிய முனைக்குப் போய்விடும், இருட்டில் பெரும்பாலானவை அடங்கும். பையோடு சேர்த்து எடை, பிறகு பையின் எடையைக் கழித்தல். பின்னங்காலின் நீளம், ஆணா பெண்ணா என்பது, காது வில்லை எண், தொடை நாளத்திலிருந்து கொஞ்சம் ரத்தம். கூண்டிலோ பையிலோ புழுக்கை விழுந்திருந்தால் அதைப் பொறுக்கிப் பையிலிட்டுப் பனிக்கட்டி மேல் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் மைனஸ் 20 டிகிரி உறைபெட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். பிறகு விலங்கைப் பிடித்த அதே வளை வாயில் விடுவிக்கிறார்கள். வேறு இடத்தில் விட்டால் அது அடுத்தவர் எல்லைக்குள் ஓடி, அங்கே கடிபடும்.

அருகிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஒரு பெண் மார்மட் ஆள் நிழல் பட்டதுமே கம்பியைக் கவ்வி ஆட்டி, பல்லைக் கடகடவென்று அடித்து, பை வந்ததும் பின்னோக்கி நெளியும். அதே சரிவின் இன்னொரு பெண் கூண்டின் மூலையில் உடம்பைப் பரப்பிப் படுத்தபடி கண்ணை மட்டும் அசைக்கும். விலாப்புறம் ஏறி இறங்குவதைக் கவனித்தால் அதன் மூச்சும் வேகமாகத்தான் இருக்கும். சத்தம் போடாததால் அதற்கு நெருக்கடி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. காட்டு விலங்குகளைக் கையாள்பவர்களிடம் நாங்கள் அடிக்கடி காணும் பிழை இது. அசையாத விலங்கைப் பார்த்து, பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அதைக் கூடுதல் நேரம் கையில் வைத்திருப்பார்கள்.

கூண்டு வழி எடுத்த தரவில் பல சிக்கல்கள் உண்டு. தைரியமானவை எளிதில் சிக்கும், மிரளுபவை சிக்கவே சிக்காது. ஆகவே பிடிபட்டவற்றின் சராசரி முழுக் கூட்டத்தின் சராசரி அல்ல. பலமுறை பிடிபட்ட விலங்கு அனுபவத்தால் அடங்கியிருக்கலாம், எனவே இது எத்தனையாவது பிடிப்பு என்பதையும் குறித்தாக வேண்டும். எடை, வயது, பாலூட்டும் நிலை, பிடித்த நேரம், மதிப்பெண் போட்டவர் யார் என்பதெல்லாமும் எண்ணை மாற்றும். இவற்றைக் குறிக்காமல் விட்டால், விலங்கின் குணம் என்று நாம் சொல்வது உண்மையில் குறிப்பேடு எழுதியவரின் குணமாக இருக்கும்.

நான்காம் நாள்: எவ்வளவு நெருங்கினால் ஓடும்?

கையே படாமல் செய்யும் சோதனை. நிம்மதியாக மேயும் அல்லது படுத்திருக்கும் ஒரு மார்மட்டைத் தேர்ந்து, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நேராக அதை நோக்கி நடக்க வேண்டும். கிளம்பிய இடத்தில் ஒரு சிறு கொடி. அது தலையைத் தூக்கி நம்மைப் பார்த்த கணத்தில் நாம் இருந்த இடத்தில் ஒன்று. ஓடத் தொடங்கிய கணத்தில் ஒன்று. நிற்காமல் நடந்து, விலங்கு முதலில் இருந்த இடத்தை அடைந்த பிறகு ஒவ்வொரு கொடிக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார்கள். விலங்கிடமிருந்து அதன் வளைக்கு எவ்வளவு தூரம் என்பதும் சேரும். வளை பக்கத்தில் இருந்தால் தாமதித்து ஓடும், தொலைவில் இருந்தால் முன்கூட்டியே ஓடும்.

கிளம்பிய தூரத்தைக் குறிக்க மறந்தால் அந்த நாள் வீண். தொலைவிலிருந்து நெருங்கத் தொடங்கினால் விலங்கு முன்னதாகவே ஓடிவிடுகிறது. புளும்ஸ்டீனே பல இனங்களில் காட்டிய விஷயம் இது. 100 மீட்டரிலிருந்து தொடங்கிய சோதனையையும் 30 மீட்டரிலிருந்து தொடங்கியதையும் கலந்தால் பயந்தாங்கொள்ளி எது, துணிச்சல்காரன் எது என்று பிரிக்கவே முடியாது. பக்கத்தில் இன்னொரு மார்மட் சீழ்க்கை அடித்துவிட்டால் அன்றைய சோதனையைக் கைவிட வேண்டும், ஏனென்றால் பிறகு ஓடுவது நம்மைக் கண்டா, சீழ்க்கையைக் கேட்டா என்று தெரியாது. அதே விலங்கை மறுபடி சோதிக்கச் சில நாள் இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் அது நம் நடைக்குப் பழகிவிடும்.

இந்தப் பள்ளத்தாக்கில் பழைய முறை ஒன்றும் உண்டு. ஸ்வென்ட்சனும் ஆர்மிடேஜும் 1973-ல் வெளியிட்ட ஆய்வில் மார்மட்டுகளுக்கு முன் கண்ணாடியை வைத்தார்கள். தன் பிம்பத்தை அயல் விலங்காக நினைத்துச் சில தாக்க வந்தன, சில நட்பாக மோந்தன, சில ஒதுங்கிப் போயின. தனி விலங்கின் குணம் என்று பேசுவதையே பலர் தயக்கத்தோடு பார்த்த காலத்தில் எளிய கருவியால் செய்த வேலை. இன்று படித்தாலும் மரியாதை வருகிறது.

தைரியமும் சாதுத்தனமும் ஒன்றல்ல. ஆள் நெருங்கினால் கடைசி வரை நிற்கும் விலங்கு கூண்டுக்குள் சாதுவாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. இரண்டையும் தனித்தனியாக அளப்பது அதனால்தான்.

ஐந்தாம் நாள்: மழை, ஆகவே ஹார்மோன்

வெளியே போக வழியில்லை. உடம்புக்குள் நடப்பதை இன்று எழுதிவிடலாம்.

ஆபத்து கண்ணில் பட்ட சில நொடிக்குள் அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. மெதுவான வழி இன்னொன்று உண்டு. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் புறணியைத் தூண்ட, கார்டிசால் போன்ற குளூக்கோகார்டிகாய்டுகள் என்னும் நெருக்கடி ஹார்மோன்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. இந்த ஏற்றம் தெரியச் சுமார் மூன்று நிமிடம் ஆகும். எனவே நெருக்கடிக்கு முந்தைய அடிப்படை அளவு வேண்டுமானால் பிடித்த மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும். கூண்டு எப்போது மூடியது என்று தெரியாத மார்மட்டில் அது நடக்காது.

புழுக்கை உதவுவது இங்கேதான். கார்டிசால் கல்லீரலில் உடைந்து, குடல் வழியாகப் புழுக்கையில் சேர ஒரு நாள் வரை ஆகும். ஆகவே கூண்டில் விழுந்த புழுக்கை காட்டுவது கூண்டின் பயத்தை அல்ல, அதற்கு முந்தைய பல மணி நேரத்தின் நிலையை. உலர்த்தி, பொடித்து, எடை போட்டு, ஆல்கஹாலில் பிரித்தெடுத்து, எதிர்ப்பொருள் வழிச் சோதனையில் அளக்கிறார்கள். விடை ஒரு கிராம் உலர் எடைக்கு இத்தனை நானோகிராம் என்று வரும். சிறுநீர் கலந்தால் எண் கெடும். வெயிலில் கிடந்தால் நுண்ணுயிர்கள் ஹார்மோன் எச்சத்தை மேலும் சிதைக்கும். புதிய இனத்தில் இந்த முறையைப் பயன்படுத்துமுன், அட்ரினலைத் தூண்டும் ஊசி போட்டுப் புழுக்கையில் எண் உண்மையில் ஏறுகிறதா என்று சரிபார்ப்பது அவசியம். அதைச் செய்யாத ஆய்வுகளை நாங்கள் நம்புவதில்லை.

ரத்தத்திலும் ஒரு வழி இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி, நிறமேற்றி, நூறு வெள்ளணுக்களை எண்ணி, அவற்றில் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரு வகைகளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது. நெருக்கடி நீடித்தால் முன்னது ஏறும், பின்னது இறங்கும். கார்டிசாலை விட மெதுவாக மாறுவதால் மூன்று நிமிடக் கெடு இல்லை. ஆனால் காயமோ நோய்த்தொற்றோ இருந்தாலும் இந்த விகிதம் ஏறும், அதைப் பார்த்து விலக்க வேண்டும்.

இங்கே 2006-ல் புளும்ஸ்டீன் குழு ஒரு நல்ல விஷயத்தைக் கண்டது. கூண்டில் சில சமயம் சீழ்க்கை அடித்து, சில சமயம் அடிக்காத மார்மட்டுகளின் புழுக்கையை ஒப்பிட்டார்கள். அடித்த சமயங்களில் குளூக்கோகார்டிகாய்டு எச்சம் அதிகம் இருந்தது. அதாவது சீழ்க்கை அந்த விலங்கின் நிரந்தரக் குணம் மட்டுமல்ல, அன்றைய உடல் நிலையும் அதில் பேசுகிறது.

நெதர்லாந்தின் யாப் கூல்ஹாஸ் எலி, சுண்டெலி ஆய்வுகளிலிருந்து வகுத்த படம் இதைப் புரிந்துகொள்ள உதவும். நெருக்கடி வந்ததும் முந்திக்கொண்டு தாக்கி, ஓடி, நிலைமையைத் தானே மாற்றப் பார்க்கும் வகை ஒன்று. உறைந்து நின்று, சூழலைக் கவனித்து, அதற்கேற்ப நடக்கும் வகை இன்னொன்று. அவர் பிற்காலத்தில் சேர்த்த திருத்தம் மிக முக்கியம்: எப்படி எதிர்கொள்கிறது என்பது ஓர் அச்சு, எவ்வளவு கலங்குகிறது என்பது வேறோர் அச்சு. உறைந்து நிற்கும் விலங்கு குறைவாகவும் கலங்கியிருக்கலாம், மிக அதிகமாகவும் கலங்கியிருக்கலாம். மூன்றாம் நாள் மூலையில் படுத்திருந்த பெண்ணைப் பற்றி வெறும் மதிப்பெண் அட்டையை வைத்து முடிவுக்கு வர முடியாதது இதனால்தான்.

மழை விடவில்லை, ஆகவே ஸ்காட்லாந்தின் மே தீவைப் பற்றியும் ஒரு பத்தி. அங்கே டரம் பல்கலைக்கழகத்தின் ஷான் ட்விஸ் குழு சாம்பல் கடல்நாய்த் தாய்களின் இதயத் துடிப்பை அளக்கிறது. அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேர வேறுபாட்டை எடுத்து, வர்க்கமாக்கி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் துடிப்பு மாறுபாட்டு எண் கிடைக்கும். ஓய்வில் எடுத்த இந்த எண் ஒவ்வொரு தாய்க்கும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி இருக்கிறது. தாய் குட்டிக்குப் பாலூட்டுவது 18 நாள் அளவுதான், அது முழுக்கப் பட்டினி கிடந்து. 2020-ல் வந்த முடிவு: முந்திக்கொள்ளும் வகைத் தாய்கள் ஏறத்தாழ சராசரியான பலனையே பெறுகின்றன. சூழலுக்கேற்ப மாறும் வகைத் தாய்களின் பலனில் ஏற்ற இறக்கம் அதிகம், சிலவற்றின் குட்டிகள் மிக நன்றாக வளர்கின்றன, சிலவற்றின் குட்டிகள் பின்தங்குகின்றன. சூழலைச் சரியாகக் கணித்தால் லாபம், தவறினால் நட்டம். இரண்டு வகையும் ஒரே கூட்டத்தில் நிலைத்திருப்பதற்கு இது ஒரு நம்பத்தகுந்த காரணம்.

ஆறாம் நாள்: ஒரு விலங்கு, பல அளவு

ஒரு விலங்கிடம் ஒரே ஒரு முறை அளந்துவிட்டு அதன் குணம் இது என்று சொல்வது செல்லாது. விலங்குக்கு விலங்கு உள்ள மாறுபாட்டை மொத்த மாறுபாட்டால் வகுத்தால் 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு விகிதம் வரும். 1-க்கு அருகே இருந்தால் அதே விலங்கு ஒவ்வொரு முறையும் அப்படியேதான் நடந்துகொள்கிறது, 0-க்கு அருகே என்றால் அன்றைய நிலைமைதான் எல்லாம். பல இனங்களின் நடத்தை ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் வெளியான ஆய்வில் சராசரி 0.37. அதாவது குணம் உண்மைதான், ஆனால் பெரும்பங்கு நாளுக்கு நாள் மாறுகிறது. அடிப்படை ஹார்மோன் அளவில் இந்த விகிதம் பொதுவாக இன்னும் குறைவு. கார்டிசால் நெருக்கடிக்கு மட்டும் சுரப்பதில்லை, பகல் இரவுச் சுழற்சிக்கும் ஆற்றல் தேவைக்கும் பாலூட்டுவதற்கும்கூட அதன் அளவு ஏறி இறங்கும்.

எனவே பருவம் முழுக்கப் பரவலாக, ஒவ்வொரு விலங்கிடமும் பல மாதிரிகள் வேண்டும். ஒரே வாரத்தில் எடுத்த ஐந்தை விட, மே முதல் ஆகஸ்ட் வரை எடுத்த ஐந்து மேல்.

கடைசி நாள்: வெறுமனே பார்க்க வருபவர்களுக்கு

குட்டிகள் வெளியே வந்துவிட்ட வளைகள் அருகே நிற்பதைத் தவிருங்கள். தாய் உள்ளேயே அடங்கிக் கிடந்தால் அதன் மேய்ச்சல் நேரம் போகிறது. குறுகிய கோடையில் இழந்த மேய்ச்சல் இழந்த கொழுப்பு, கொழுப்புப் போதாத குட்டி அடுத்த வசந்தத்தில் வளையை விட்டு வராது. ஒரு மார்மட் உங்களைப் பொருட்படுத்தாமல் மேய்கிறது என்பதற்காக எல்லாமே அப்படித்தான் என்று எண்ண வேண்டாம். மிரண்டவை ஏற்கெனவே உள்ளே போயிருக்கும், உங்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டா.

நேராக நடந்து நெருங்காதீர்கள். பாதையை விட்டு இறங்காமல், குறுக்காகக் கடந்து போங்கள். தீனி போட வேண்டாம். தலை நிமிர்ந்து மேய்ச்சல் நின்றாலே உங்களை அது கவனித்துவிட்டது என்று பொருள், அங்கேயே நில்லுங்கள். சீழ்க்கை தொடங்கிவிட்டால் வந்த வழியே பத்து இருபது மீட்டர் பின்வாங்கி உட்காருங்கள். கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் வெளியே வரவில்லையென்றால் அந்தக் கூட்டத்தை அன்றைக்கு விட்டுவிட்டு வேறு சரிவுக்குப் போவதே சரி.